ஏரி அரசுடையது, கூடு நம் மரத்தில்: பெங்களூரில் பறவை வாழிடங்களைச் சேர்ந்து காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரின் கிழக்குப் பக்கம், ஓர் ஏரிக்கரையை ஒட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். ஏரியைப் பார்த்துக்கொள்ளும் குடியிருப்போர் குழுவில் பல வருடமாக வேலை செய்கிறேன். ஞாயிறு காலை பறவை பார்க்க வரும் தமிழ்க் குடும்பங்கள், அல்சூரிலிருந்தும் காக்ஸ் டவுனிலிருந்தும் வருகிற பெரியவர்கள், ஓசூர்ப் பக்கம் நிலம் வாங்கியிருக்கும் நண்பர்கள் என்று பலரும் என்னிடம் கேட்டவை இவை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது.

ஏரி அரசாங்கத்துடையது. பறவையைக் காப்பாற்றுவதும் அவர்கள் வேலைதானே? இதில் எங்களுக்கு என்ன?

ஒருநாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் மொட்டைமாடிக்கு வாருங்கள். கார் நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் நிற்கிற தூங்குமூஞ்சி மரத்திலிருந்து வக்காக்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பும். 'குவாக்' என்று ஒரு குரல், கொஞ்சம் தள்ளி இன்னொன்று. ராத்திரி முழுக்க ஏரியில் மீனும் தவளையும் பிடித்துவிட்டு, விடிகிற நேரம் அதே மரத்துக்குத் திரும்பி வந்து அடையும். அந்தப் பறவைக்குச் சாப்பாடு மாநகராட்சியின் ஏரியில். தொட்டில் எங்கள் சங்கத்தின் மரத்தில். இரண்டில் எது போனாலும் வக்கா போய்விடும்.

வக்காவோடு இது முடியவில்லை. ஏரிக்கு மேலே வட்டமிடும் செம்பருந்து கூடு வைப்பது யாரோ ஒருவருடைய தென்னையிலோ அரசமரத்திலோ. மீன்கொத்தி மண் சரிவில் வளை தோண்டும். அந்தச் சரிவு பெரும்பாலும் வீடு கட்டக் காத்திருக்கும் காலி மனையின் ஓரமாக இருக்கும். ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிடும், அதுவும் பில்டர் வேலியடித்துப் போட்டிருக்கிற இடத்தில். தூக்கணாங்குருவிக்கு நார் வேண்டும், தானியம் வேண்டும். அது பக்கத்து ராகி வயலில் கிடைக்கிறது.

தண்ணீரும் அப்படித்தான். பெங்களூரின் பழைய ஏரிகள் ஒன்றுக்கொன்று தொடுத்துக் கட்டப்பட்டவை. மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து, ராஜகாலுவே என்று இங்கே சொல்லும் பெருங்கால்வாயில் ஓடிக் கீழ் ஏரிக்குப் போகும். அந்தக் கால்வாயின் இரு கரையிலும் இருப்பது தனியார் நிலம். ஏரியை மட்டும் வேலி போட்டுக் காப்பது, கிணற்றைப் பூட்டிவிட்டு ஊற்றுக்கண்ணை அடைப்பது போல.

'அரசு–தனியார் கூட்டு' என்றாலே பயமாக இருக்கிறது. ஏரியைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுப்பதுதானே அது?

உங்கள் பயம் நியாயமானது. இந்த ஊரில் அது நடந்தும் இருக்கிறது. 2000களின் நடுவில் சில ஏரிகளைப் பல வருடக் குத்தகைக்குத் தனியாரிடம் விட்டார்கள். வேலி வந்தது, நுழைவுக் கட்டணம் வந்தது, படகும் கேளிக்கையும் வந்தன. அதுவரை மாடு மேய்த்தவர்களும் மீன் பிடித்தவர்களும் வெளியே நின்றார்கள். 2008இல் இதை எதிர்த்துப் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. ஏரிகள் பொதுச்சொத்து, தனியார்மயமாக்கக் கூடாது என்கிற நிலைப்பாட்டைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2012இல் ஏற்றது.

நான் சொல்லும் கூட்டு வேறு. நிலம் யாருடையதோ அவருடையதாகவே இருக்கும். ஏரியும் கோமாளா என்கிற ஊர் மேய்ச்சல் நிலமும் அரசிடம், தோப்பு சொந்தக்காரரிடம். மாறுவது ஒன்றுதான்: அந்தந்த நிலத்தில் பறவைக்கு என்ன செய்வோம், எந்த மாதம் எதைச் செய்யாமல் இருப்போம் என்று இரண்டு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொள்கின்றன. யாருக்காவது நஷ்டம் வந்தால் அதை யார் ஈடுகட்டுவது என்பதும் அதில் இருக்கும். இந்தக் கடைசி வரி இல்லாத ஒப்பந்தம் நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

பேச்சுக்கு நன்றாக இருக்கிறது. எங்காவது நடந்து காட்டியிருக்கிறார்களா?

பெங்களூர்–மைசூர் சாலையில் மத்தூருக்கு முன்னால் இடப்பக்கம் பிரிந்து போனால் கொக்கரே பெள்ளூர். மண்டியா மாவட்டம், இங்கிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். கன்னடத்தில் கொக்கரே என்றால் நாரை. ஊர்ப் பெயரிலேயே பறவை.

மார்ச் மாதம் போங்கள். தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் வாடை வரும், மீனும் சுண்ணாம்பும் கலந்தது போல. பிறகு சத்தம். நாரைக்குக் குரல் கிடையாது. அலகைத் தட்டித் தட்டித்தான் பேசும். வீட்டு வாசலில் நிற்கிற புளியமரத்தின் உச்சியில் மஞ்சள்மூக்கு நாரைகள், அதே மரத்தின் வேறு கிளைகளில் கூழைக்கடாக்கள். இலைகள் எச்சத்தால் வெள்ளையடித்தது போல இருக்கும். கீழே ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருப்பார், தலைக்கு மேலே ஐந்தடி இறக்கை விரிந்து இறங்கும், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். மகள் பிரசவத்துக்குத் தாய்வீடு வருவது போலத்தான் இந்தப் பறவைகள் வருகின்றன என்று அந்த ஊரில் சொல்வார்கள்.

ஜெர்டன் என்ற ஆங்கிலேய இயற்கையாளர் 19ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கூழைக்கடாக் குடியிருப்பைப் பற்றி எழுதினார். முன்பு ஊர் ஷிம்ஷா ஆற்றங்கரையில் இருந்ததாகவும், 1916 பிளேக்கின்போது மக்கள் இடம் மாற, பறவைகளும் கூடவே வந்ததாகவும் ஊரார் சொல்கிறார்கள். 1976இல் வனத்துறை அதிகாரி எஸ். ஜி. நெகின்ஹால் இதை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் கதை இனிப்பாகவே ஓடவில்லை. எச்சம் விழுந்தால் புளி விளைச்சல் போகும். புளி என்பது ஒரு குடும்பத்துக்கு வருட வருமானத்தில் ஒரு பங்கு. மரத்தை விற்றுவிடுவது லாபம் என்று ஆனபோது மரங்கள் விழுந்தன, பறவைகளும் குறைந்தன. பிறகுதான் வனத்துறை, கூடுள்ள மரங்களின் சொந்தக்காரர்களுக்கு இழப்பீடு கொடுக்கத் தொடங்கியது. 1990களின் நடுவில் மைசூரின் இயற்கை ஆர்வலர்கள் ஊர் இளைஞர்களோடு சேர்ந்து 'ஹெஜ்ஜார்லே பளகா' என்ற குழுவை உருவாக்கினார்கள். கூழைக்கடாவின் சுற்றம் என்று பொருள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து, அடைப்புக்குள் வைத்து மீன் கொடுத்து வளர்த்துப் பறக்கவிட்டார்கள். 2007இல் அந்த இடம் சமுதாயக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

இதில் யார் நிலமும் பறிபோகவில்லை. மரம் குடும்பத்துடையது, கூடு பறவையுடையது, இழப்பீடு அரசுடையது, காவல் ஊருடையது. நம் வேடந்தாங்கலிலும் இதே கணக்குதான். எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று விவசாயிகளுக்குத் தெரியும். பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது அவர்கள் செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் நின்றார்கள். 1798இல் லயனல் பிளேஸ் அவர்களுக்கு எழுத்தில் உரிமை கொடுத்தார். ஊரும் அரசும் சேர்ந்து பறவைக்காகக் காகிதம் போட்டது அப்போதே நடந்திருக்கிறது.

சமுதாயக் காப்பகம், பாதுகாப்புக் காப்பகம் என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?

இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2002இல் செய்த திருத்தத்தால் வந்தவை. பாதுகாப்புக் காப்பகம் அரசு நிலத்தில், சுற்றியுள்ள மக்களைக் கலந்து பேசிய பிறகு அறிவிக்கப்படுவது. எலஹங்காவில் உள்ள புட்டேனஹள்ளி ஏரி அப்படித்தான் 2015இல் பறவைகளுக்கான காப்பகம் ஆனது. சமுதாயக் காப்பகம் தனியார் நிலத்திலோ ஊர்ப் பொது நிலத்திலோ, சொந்தக்காரரே முன்வந்தால் மட்டும் அறிவிக்கப்படுவது. யாரையும் கட்டாயப்படுத்த முடியாது.

முன்வருவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற வேண்டுமானால் மேலாண்மைக் குழு தீர்மானம் போட வேண்டும், மாநில அரசு ஒப்ப வேண்டும். பத்து வருடம் கழித்துப் பையன் வந்து லேஅவுட் போடலாம் என்றால் முடியாது. அதனால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். 2022 திருத்தத்துக்குப் பிறகு, தனியார் நிலத்தில் அமையும் காப்பகத்தின் குழுவில் நிலச் சொந்தக்காரரே உறுப்பினர். கூட வனத்துறையின் பிரதிநிதியும் பஞ்சாயத்தின் பிரதிநிதியும். உங்கள் நிலத்தைப் பற்றிய பேச்சில் உங்களுக்கு நாற்காலி உண்டு.

பெங்களூர் நகருக்குள் இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த அளவு தேவைப்படாது. ஒரு சங்கத் தீர்மானமும் ஒரு ஒப்பந்தமும் போதும்.

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கம் ஏரியைத் தத்தெடுக்க முடியுமா?

'தத்தெடுப்பது' என்ற சொல்லே எனக்குப் பிடிக்காது. ஏரிக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. நீங்கள் பராமரிப்பில் பங்கெடுக்கலாம், அவ்வளவுதான்.

ஜே. பி. நகரில் இன்னொரு புட்டேனஹள்ளி ஏரி இருக்கிறது, 13 ஏக்கர் சொச்சம். (இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள், எலஹங்கா ஏரி வடக்கே, இது தெற்கே.) அங்கே குடியிருப்போர் ஓர் அறக்கட்டளை அமைத்து 2011இல் மாநகராட்சியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டார்கள். நீலத்தாழைக்கோழி அங்கே நாணலுக்குள் சிவப்புக் கால் வைத்து நடப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். சர்ஜாப்பூர் சாலையில் கைகொண்ட்ரஹள்ளி ஏரியிலும் அக்கம்பக்கத்தவர்கள் மாநகராட்சியோடு சேர்ந்துதான் வேலை செய்தார்கள்.

2020 மார்ச்சில் உயர் நீதிமன்றம், ஏரிப் பராமரிப்புக்காகத் தனியார் நிறுவனங்களோடு புதிய ஒப்பந்தம் போடுவதற்குத் தடை விதித்தது. வணிக நோக்கத்தைத் தடுப்பதற்காக வந்த ஆணை. நடைமுறையில் குடியிருப்போர் குழுக்களின் ஒப்பந்தப் புதுப்பிப்பும் அதில் மாட்டிக்கொண்டது. எனவே காகிதம் போடுமுன், உங்கள் ஏரி யார் கையில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். மாநகராட்சியா, பிடிஏ என்கிற பெங்களூர் வளர்ச்சி ஆணையமா, வனத்துறையா, சிறுநீர்ப்பாசனத் துறையா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டு வருடம் தவறான அலுவலகத்தின் படி ஏறியவர்களை எனக்குத் தெரியும்.

ஒரு கம்பெனி ஏரியை அழகுபடுத்தப் பணம் தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

பணம் இருக்கிறது. கம்பெனிச் சட்டம் 2013இன்படி குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருவாயோ உள்ள நிறுவனங்கள், முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. பிரச்சினை பணத்தில் இல்லை, 'அழகு' என்ற சொல்லில் இருக்கிறது.

எங்கள் ஏரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு ஜூன் மாதம், மழை தொடங்கிய வாரம். கரையின் மேற்கு மூலையில் சம்பும் கோரையும் ஆள் உயரத்துக்கு நின்றன. பார்ப்பவர்களுக்கு அது புதர். காலை எட்டு மணிக்கு ஒரு கான்ட்ராக்டரின் ஆட்கள் அரிவாளோடு இறங்கினார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பாதி கிடந்தது. வெட்டுப்பட்ட தட்டைகளுக்கு நடுவில் ஒரு கூடு, வைக்கோல் கிண்ணம் போல நனைந்து, அதில் நான்கு முட்டைகள், வெளிறிய நிறத்தில் செம்புள்ளிகள். நீலத்தாழைக்கோழி இரண்டு, பத்தடி தள்ளித் திறந்த தண்ணீரில் வாலைத் தூக்கித் தூக்கி அடித்துக்கொண்டு கத்தின. வெட்டியவர்களில் ஒருவர் தர்மபுரிக்காரர். "சொல்லியிருந்தா விட்டிருப்போம் அண்ணா, எங்களுக்கு யாரும் சொல்லல" என்றார். உண்மை. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேலை உத்தரவில் 'களை அகற்றல்' என்று இருந்தது, மாதம் எழுதப்படவில்லை, எந்த மூலையை விட வேண்டும் என்று எழுதப்படவில்லை. அன்று மாலைக்குள் காகங்கள் முட்டைகளை முடித்துவிட்டன.

வனவிலங்குச் சட்டத்தில் 'வேட்டை' என்பதன் பொருளுக்குள் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடங்கும். இது பலருக்குத் தெரியாது.

ஆகவே பணம் தருபவரிடம் இவற்றைக் கேளுங்கள், ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். கரையைச் செங்குத்தாக வெட்டிக் கல் பதிக்கக் கூடாது. ஜேசிபியை விட்டுச் சுற்றிலும் ஒரே ஆழத்துக்குத் தோண்டினால் ஏரி கிண்ணம் மாதிரி ஆகிவிடும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் ஆழத்தில் பிழைத்துக்கொள்ளும். உள்ளானுக்கும் நெடுங்கால் உள்ளானுக்கும் கணுக்கால் அளவு தண்ணீரும் சேறும் வேண்டும். ஒரு பக்கமாவது கரை மெல்லச் சரிய வேண்டும். நாணல் ஒரு பகுதி எப்போதும் நிற்க வேண்டும்; வெட்டுவதானால் குளிர்காலம் முடிகிற நேரத்தில், அதுவும் துண்டு துண்டாக. நடுவில் தீவு இருந்தால் அதற்குப் பாலம் போடக் கூடாது. நடைபாதை ஏரியை முழுதாகச் சுற்ற வேண்டியதில்லை. மனிதர் காலடி படாத ஒரு பக்கம் இருக்கட்டும். ராத்திரி விளக்கு தண்ணீரைப் பார்க்கக் கூடாது. ஆகாயத்தாமரையை மட்டும் தயங்காமல் எடுங்கள்.

கழிவுநீர் வருகிற ஏரி என்றால் எல்லாவற்றுக்கும் முன் அதைப் பாருங்கள். ஜக்கூர் ஏரியில் சுத்திகரித்த நீர் நாணல் சதுப்பு வழியாக ஊறித்தான் ஏரிக்குள் போகிறது. அந்தச் சதுப்பே தண்ணீரையும் வடிகட்டுகிறது, பறவைக்கும் வீடாகிறது. புல்தரையும் நீரூற்றும் வைக்க ஆகும் பணத்தை அங்கே போடச் சொல்லுங்கள். பெயர்ப்பலகையை வாசலில் வைத்துக்கொள்ளட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை.

எங்கள் வளாக மரத்தில் கொக்குகள் கூடு கட்டிவிட்டன. கார் முழுக்க எச்சம். மரத்தை வெட்டச் சொல்லி வாட்ஸ்அப்பில் சண்டை. என்ன செய்வது?

நாங்கள் இதே சண்டையைப் போட்டு முடித்தவர்கள். எங்கள் தூங்குமூஞ்சியில் ஒரு வருடம் இருபதுக்கும் மேல் கூடு, வக்காவும் குளத்துக்கொக்கும் கலந்து. கீழே எட்டுக் கார் நிறுத்தும் இடம். அந்த எட்டு வீட்டுக்காரர்களும் கெட்டவர்கள் இல்லை. தினமும் காலையில் காரைக் கழுவிவிட்டு வேலைக்குப் போக வேண்டியவர்கள். அவர்களிடம் இயற்கையின் பெருமையைப் பேசியது எங்கள் முதல் தவறு. இரண்டாவது கூட்டத்தில்தான் சரியான கேள்வி வந்தது: இந்த எட்டுப் பேரின் தொந்தரவை எண்பது வீடும் எப்படிப் பங்கிட்டுக்கொள்வது?

விருந்தினர் நிறுத்துமிடத்தை மே முதல் செப்டம்பர் வரை அவர்களுக்கு ஒதுக்கினோம். மரத்தடியில் சங்கச் செலவில் சருகு பரப்பி, வாரம் ஒருமுறை கூட்டி உரக்குழியில் போட்டோம். தவறி விழும் குஞ்சுகளுக்காகத் தாழ்வாக ஒரு வலை. விழுந்த மீனைப் பொறுக்க வரும் நாய்களுக்காகச் சின்ன வேலி. கிளை கழிப்பது டிசம்பரில் மட்டும், அதுவும் பால்கனியை இடிக்கிற கிளை மட்டும். இது எல்லாமே ஒரு பக்கத் தீர்மானம். மூன்றாவது வருடம், முதலில் அதிகமாகக் கோபப்பட்ட அக்காதான் "இன்னிக்கு முதல் கொக்கு வந்துடுச்சு" என்று குழுவில் படம் போட்டார்.

கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் மர அதிகாரியின் அனுமதி வேண்டும். 50க்கு மேற்பட்ட மரங்கள் என்றால் பொதுமக்களின் ஆட்சேபம் கேட்டு அறிவிப்பு கொடுத்தாக வேண்டும். பக்கத்துத் தளத்தில் திடீரென்று ரம்பச் சத்தம் கேட்டால், முதலில் அனுமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

அல்சூர் ஏரியைச் சுற்றி அவ்வளவு கட்டடம், ஆனாலும் கூழைக்கடா வருகிறதே?

அல்சூர்த் தமிழர்கள் எல்லாருக்கும் இது பெருமை, எனக்கும்தான். ஏரிக்குள் தீவுகள் இருக்கின்றன; கரையின் ஒரு பக்கம் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற எம்இஜி ராணுவ நிலம். அங்கே யாரும் நினைத்தபடி மரம் வெட்ட முடியாது, கட்டடம் எழுப்ப முடியாது. அந்தப் பெரிய மரங்களும் மனிதர் எட்டாத தீவுகளும் இருப்பதால்தான் நகரின் நடுவில் பறவை இளைப்பாறுகிறது. 2016 மார்ச்சில் இதே ஏரியில் மீன்கள் செத்து மிதந்ததையும் மறக்கக் கூடாது. மரம் நின்றால் போதாது, தண்ணீரும் மூச்சுவிட வேண்டும்.

ராணுவம், பல்கலைக்கழகம், தொழிற்சாலை, கான்வென்ட், கல்லறைத் தோட்டம், கோயில் நந்தவனம்: பெங்களூரின் பெரிய மரங்களில் பெரும்பங்கு இப்படி நிறுவனங்களின் சுவருக்குள் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகம் ஏறக்குறைய 400 ஏக்கர். ஜிகேவிகே விவசாயப் பல்கலைக்கழக வளாகம் பல்லுயிர் மரபுத் தலமாகவே அறிவிக்கப்பட்டிருக்கிறது. தேவனஹள்ளி பக்கத்தில் நல்லூர்ப் புளியந்தோப்பு 2007இல் அந்தத் தகுதியைப் பெற்றது, நாட்டிலேயே முதலாவதாக. நீங்கள் வேலை செய்யும் வளாகத்தில் பறவைப் பட்டியல் ஒன்று தயாரித்து நிர்வாகத்திடம் கொடுங்கள். தங்களிடம் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் வெறும் புல்தான் இருக்கிறது. அங்கே ஆயிரம் கன்று நட்டால் பறவை வருமே?

தயவுசெய்து நடாதீர்கள். நல்ல மனதோடு செய்யும் இந்தக் காரியம்தான் புல்வெளியைக் கொல்கிறது.

புல்வெளி என்பது மரம் இல்லாத காலி இடம் இல்லை. வானம்பாடியும் கௌதாரியும் புல்லுக்கடியில் கூடு வைக்கும். வெளிநாட்டிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பூனைப்பருந்துகள் தரையில், புல்லுக்குள்தான் இரவு அடையும். 2011இல் வரகுக்கோழி ஒன்று இங்கே காணப்பட்டது. நாட்டிலேயே அருகிப்போன பறவை அது. மரம் நட்டுக் குழி வெட்டினால் புல் போகும், மரத்தில் காகமும் பருந்தும் உட்கார்ந்து தரைக் கூடுகளைக் கொள்ளையடிக்கும். இந்த நிலத்தில் பெரும்பகுதி கால்நடைப் பராமரிப்புத் துறையிடம் இருந்தது, சுற்றிலும் விவசாயிகள். இதைக் காப்பகமாக்கும் முயற்சி பல வருடம் இழுபட்டது. மேய்ச்சல் போய்விடுமோ என்கிற விவசாயிகளின் பயமும் அதில் ஒரு காரணம். அளவான மேய்ச்சல் புல்வெளிக்கு நல்லதே என்று அவர்களிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஓசூர் பக்கம் இரண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறோம். நாங்கள் என்ன செய்யலாம்?

முதல் ஒரு வருடம் ஒன்றும் செய்யாதீர்கள். இது சோம்பலுக்குச் சொல்லும் வார்த்தை இல்லை. மழைக்கு எங்கே தண்ணீர் தேங்குகிறது, எந்தப் பறவை எந்த மாதம் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜேசிபியை விட்டுச் சமப்படுத்துவதுதான் வாங்கியவுடன் எல்லாரும் செய்வது. அந்த ஒரே நாளில் ஆள்காட்டி, பஞ்சுருட்டான், கௌதாரி எல்லாம் வெளியேறிவிடும்.

பிறகு வேலியோரத்தை அகலமாக விடுங்கள், பத்தடியாவது. அதில் நொச்சி, ஆவாரை, காரை என்று அந்த மண்ணில் தானாக வருவதை வளரவிடுங்கள். மரம் வேண்டுமென்றால் அத்தி, ஆல், அரசு, நாவல், புங்கன். பழுத்த அத்தி மரம் ஒன்று குக்குறுவான்களையும் குயில்களையும் மைனாக்களையும் வாரக்கணக்கில் சாப்பிடவைக்கும். பட்டமரத்தை விறகாக்காதீர்கள், மரங்கொத்தி பொந்து குடையும், அந்தப் பொந்தில் பிறகு ஆந்தையும் கிளியும் குடிவரும். எலிக்கு விஷம் வைக்காதீர்கள்; விஷம் தின்ற எலியைத் தின்கிற ஆந்தையும் சாகும். பண்ணைக்குட்டை வெட்டினால் ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், முழுக்க பிளாஸ்டிக் விரித்தால் பறவைக்கு நிற்க இடம் இருக்காது.

இரண்டு ஏக்கர் தனியாக ஒரு தீவு. பக்கத்து நிலத்துக்காரரோடு பேசி வேலியோரங்களை ஒன்றோடொன்று சேர்த்துவிட்டால் அது ஒரு பாதை. அவர் பரம்பரை விவசாயியாக இருப்பார், நீங்கள் வாரக்கடைசிக்கு வருபவர். அறிவுரை சொல்லப் போகாதீர்கள், கேட்கப் போங்கள்.

பறவைக்குத் தீனி போடலாமா?

வேண்டாம். புறாவுக்குக் கொட்டும் தானியம் புறாவை மட்டுமே பெருக்கும். ஏரியில் பிரெட்டும் பொரியும் வீசினால் தண்ணீர்தான் கெடும். மண் சட்டியில் தண்ணீர் வையுங்கள், தினமும் கழுவி.

எனக்குக் கன்னடம் சரியாக வராது. அலுவலகத்தில் பேச முடியுமா?

உடைந்த கன்னடத்தில் பேசுங்கள், மரியாதை அதிலேயே கிடைக்கும். மனுவைக் கன்னடத்தில் எழுதித்தரத் தெரிந்த ஒருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். இது நாம் வாழும் ஊர். ஏரியின் பெயரை இந்த ஊர் எப்படிச் சொல்கிறதோ அப்படியே நாமும் சொல்வோம்.

சரி, நாளைக்கே தொடங்க வேண்டும் என்றால் எதிலிருந்து?

ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடங்கள். கூடுள்ள ஒவ்வொரு மரத்தையும் குறியுங்கள், அது யார் நிலத்தில் நிற்கிறது என்பதையும். சர்வே எண்ணும் சொந்தக்காரர் பெயரும் பஹணி என்கிற நிலப் பதிவேட்டில் கிடைக்கும். நான்கு ஞாயிறு போதும். பறவைக் கணக்கை இ-பேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். தேதியோடு இருக்கும் பட்டியலைத்தான் அதிகாரிகளும் நீதிமன்றமும் மதிக்கும். பிறகு அந்த வரைபடத்தில் பறவைக்கு மிக வேண்டிய மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, அந்த மூன்று சொந்தக்காரர்களின் வீட்டுக்கு மட்டும் போங்கள். கையில் மனு வேண்டாம், அவர்கள் மரத்தில் எடுத்த ஒரு கூட்டின் படம் போதும். எங்கள் குழுவில் முதல் வருடம் இரண்டு பேர் கதவைத் திறந்தார்கள். மூன்றாமவர் வீட்டுக்கு இந்த ஞாயிறு மறுபடியும் போகிறோம்; அவருடைய அரசமரத்தில் செம்பருந்து திரும்பவும் குச்சி சேர்க்கத் தொடங்கியிருக்கிறது.